தக்காளியக்காவும் மகளிர் கவுண்டரும்

எல்லைக் கேட்டில் வரிசை பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. லாரி எங்கோ பின்னால் நிற்கும். அதன் ஆள் முன்னால் வந்து, சுங்க அலுவலகத்தின் சுவரோரம் தன் பொருள் ஒன்றை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். சிமெண்ட் லோடுக்காரன் ஒரு செங்கல் வைப்பான். வெங்காய வியாபாரி ஒரு பழைய செருப்பு வைப்பான், அதுவும் ஒற்றைச் செருப்பு. ஜோடியாக வைத்தால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஆளையே இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போகிறவன்கூட அடுத்தவன் செங்கல்லைத் தொடமாட்டான். அந்தச் சுவரோரத்தில் பல வருஷமாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தது. தக்காளி ஏற்றுகிற பெட்டி, ஒரு மூலை உடைந்தது. அது தக்காளியக்காவின் இடம்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு, லைசென்ஸில் அச்சடித்தும் இருந்தது. கேட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் எவருமில்லை. காவலாளி முதல் கவுண்டரில் முத்திரை குத்துகிற அதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவள் தக்காளியக்காதான். அந்தப் பெட்டிக்கு மரியாதை சும்மா வந்துவிடவில்லை. அவள் முதல் முறை அதை வரிசையில் வைத்தபோது, பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று ஒருத்தன் காலால் எத்தி ரோட்டில் தள்ளினான். அவள் போய் எடுத்து வந்து, அதே இடத்தில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பெட்டியை நகத்தணும்னா என்னையும் சேத்து நகத்துங்க" என்றாள்.

நகர்த்த ஆளில்லை. அவள் சிரித்த முகத்தோடு சொன்னதாகச் சிலர் பிற்பாடு கதை கட்டினார்கள். சிரிப்பாவது ஒன்றாவது. வண்டியில் பழம் குழைந்துகொண்டிருக்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்?

அவள் ஏன் அப்படி முரண்டு பிடித்தாள் என்று தெரிய வேண்டுமானால் அவள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தொழில் தொடங்கியது அண்ணன் பேரில். அப்போதெல்லாம் ஒரு பெண் லைசென்ஸ் கேட்டுப் போனால், வீட்டில் ஆம்பளை இல்லையா என்பார்கள். இருக்கிறார் என்றால் அவரை வரச் சொல் என்பார்கள். இல்லை என்றால், அடப் பாவமே என்பார்கள். இரண்டு பதிலுக்கும் லைசென்ஸ் கிடையாது. அதனால் அண்ணன் கையெழுத்துப் போட்டான். தோட்டம் தோட்டமாக அலைந்து காய் எடுத்தது அவள். எது இரண்டு நாள் தாங்கும், எது எல்லை தாண்டுவதற்குள் சாறாகிவிடும் என்று நஷ்டப்பட்டு நஷ்டப்பட்டுக் கற்றது அவள். அந்தப் பக்கத்து மண்டிக்காரரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான்.

மண்டிக்காரர் போன் பண்ணினால், ஆரம்பத்தில் அண்ணன் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன ரேட் சொல்லட்டும் என்று கேட்பான். கொஞ்ச நாள் போனதும், மணி அடித்தால் எழுந்து வாசலுக்குப் போக ஆரம்பித்தான். உள்ளே சிக்னல் கிடைக்கவில்லை என்றான். கூடப் பிறந்தவன் சொல்கிறானே என்று அவளும் நம்பினாள். அப்புறம் ஒரு நாள், நீ இனிமேல் வெயிலில் அலைய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். அவள் வீடு அதிரச் சண்டை போட்டாள். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"பேரு யாருதோ வியாபாரம் அவங்களுது. இதுல கத்துறதுக்கு என்ன இருக்கு?"

அந்த வாக்கியம் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. கல்யாணமாகி, ஒரு தையல்காரரின் மனைவியாகி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியபோது, செத்தாலும் சரக்கு என் பேரில்தான் போகும் என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஆபீஸ் படியை ஏறி இறங்கி ஏறி இறங்கி, உன் தொல்லை தாங்கவில்லை என்று ஓர் அதிகாரி கடைசியில் லைசென்ஸ் கொடுத்தார். பழைய மண்டிக்காரரே, அண்ணன் அனுப்பிய அழுகல் சரக்கில் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டு அவளிடம் திரும்பி வந்தார். அண்ணன் சிமெண்டுக்கு மாறினான். சிமெண்ட் அழுகாது, அவனுக்கு ஏற்ற சரக்கு.

தையல்காரர் நல்ல மனுஷர். யூனிபாரம் தைக்கிற கம்பெனியை மூடிய பிறகு வீட்டில் இருந்தார். சமையல் அவருடையது, பெட்டி தூக்குவதும் அவருடையது. பேச்சு குறைவு, தூக்கம் அதிகம். அவர் உட்கார்ந்தபடியே தூங்குவார், நின்றபடியும் தூங்குவார் என்று அவள் கேலி செய்வாள். வியாபாரத்தில் மட்டும் அவர் மூக்கை நுழைத்ததே கிடையாது. அதற்காகவே அவளுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தலைநகரில் யாருக்கோ ஞானம் பிறந்தது. நாட்டின் புதிய வர்த்தகக் கொள்கையில் ஆண் பெண் சமத்துவத்துக்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள். ஏற்றுமதியில் பெண்களின் பங்கு உயர வேண்டும். பெண்கள் பேரில் லைசென்ஸ் இருந்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. குடும்பத்துக்குள் பேர் மாற்ற ஒரே ஒரு விண்ணப்பம் போதும், அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லைக் கேட்டில் மகளிருக்குத் தனிக் கவுண்டர்.

திறப்பு விழா நாளில் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அந்தக் கேட்டில் சொந்த லைசென்ஸ் வைத்திருந்த பெண் அவள் ஒருத்திதானே, வேறு யாரை நிறுத்துவார்கள்? பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அவளுக்குத் தரை தெரியவில்லை. கவுண்டருக்கு எதிரே நாற்காலிகள் இருந்தன. மின்விசிறி இருந்தது. தாழ்ப்பாள் போடக்கூடிய கழிவறை இருந்தது. பெண்களுக்குக் கழிவறை இல்லாத கேட்டில், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நின்று பழகியவள் அவள். அன்று ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, தையல்காரரிடம் போய்ச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். உடைந்த மூலைப் பெட்டிக்கு வேலை முடிந்தது. மகளிர் கவுண்டரில் டோக்கன் முறை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்துப் போட்டாள்.

சில நாள் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் ஊரிலிருந்த ஆண்களுக்கெல்லாம் திடீரென்று மனைவிமேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

பாதிக் கட்டணம் என்றால் விடுவார்களா? இரும்புக் கம்பி வியாபாரி தன் லைசென்ஸை மனைவி பேருக்கு மாற்றினார். வெங்காய வியாபாரிக்குக் கல்யாணமாகவில்லை. அம்மா பேருக்கு மாற்றினான். டயர் ஏற்றுமதி செய்கிறவர் மாமியார் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று என்று இரண்டாக எடுத்தார். கொஞ்ச காலத்தில் மகளிர் கவுண்டர் முன்னால் நாற்காலி போதாமல் பெண்கள் சுவரோரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதிகாலையில் எழுப்பிக் கூட்டி வந்து உட்காரவைத்த பெண்கள். என்ன சரக்கு என்று கவுண்டரில் கேட்டால், அவர்கிட்டதான் கேட்கணும் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். வாசலில் அவர் நின்று கையைக் காட்டுவார்.

ஒரு நாள் அவளுக்கு முந்தின டோக்கன் அவளுடைய அண்ணியிடம் இருந்தது. அண்ணன் தன் சிமெண்ட் லாரிகள் எல்லாவற்றையும் அண்ணி பேரில் எழுதியிருந்தான். அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். தனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, போடச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அண்ணியின் லாரிகள் ஒவ்வொன்றாகப் போய் முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தக்காளி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மண்டியில் ஏலம் முடிந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே பொதுக் கவுண்டர் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் பெண்களாகிவிட்ட பிறகு அங்கே யார் வருவார்கள்? முத்திரை அதிகாரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவள் போய் விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. அவளை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர். கம்ப்யூட்டரில் அவள் கண் முன்னாலேயே தட்டிக் காட்டினார். லைசென்ஸில் பெண் என்று இருந்தால் அது மகளிர் கவுண்டருக்குத்தான் போகிறது. இங்கே திறக்க வழியில்லை. யார் கையில் கொடுத்து அனுப்பினாலும் அதே கதைதான், லைசென்ஸ் யாருடையது என்று மட்டும்தான் அது பார்க்கும்.

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு கட்டிக் குடுத்தாச்சே அக்கா, இன்னும் இங்கயே வந்து நின்னா எப்படி?" என்றார்.

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். எத்திவிட்ட காலுக்கு முன்னால் பெட்டியைப் போட்டு உட்காரலாம். நல்ல மனசோடு கதவைச் சாத்துகிறவரிடம் எதைப் போட்டு உட்காருவது? பழைய வரிசையில் இருபது லாரிக்கு நடுவே முட்டி மோதினாலும், முந்தி வந்தால் முந்திப் போகலாம். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில், கௌரவமாகத் தொழில் நாசமாகப் போய்க்கொண்டிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்று தையல்காரரிடம் புலம்பினாள். அவர் உச்சுக் கொட்டிவிட்டு, குழைந்த தக்காளியை வீணாக்காமல் சமைத்தார். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் தக்காளிதான்.

மண்டிக்காரர் பொறுமைசாலி. ஆனால் அவரும் வியாபாரி. ஏலத்துக்குள் வராத தக்காளியை அவர் என்ன செய்வார், மாலை கட்டியா போட்டுக்கொள்வார்? இன்னும் ஒரு தடவை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரிலிருந்து ஒரு மேடம் வந்தார். கொள்கை எப்படி வேலை செய்கிறது என்று நேரில் கேட்டறிய வந்திருந்தார். சுங்க அலுவலகக் கூடத்தில் கூட்டம். சுவரில் பெரிய படம், படத்தில் தக்காளியக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். மேடம் திரையில் கோடுகளைக் காட்டினார். இந்த எல்லையில் பெண் ஏற்றுமதியாளர்கள் ஒருவரிலிருந்து இப்போது ஊர் கொள்ளாத அளவுக்கு உயர்ந்திருக்கிறார்கள். கோடு கூரையைத் தொட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் முன்வரிசையில் இருந்து தட்டினான். வியாபாரிகள் சங்கத் தலைவர் எழுந்து, பெண்கள் முன்னேறுவது தங்களுக்கெல்லாம் பெருமை என்றும், தள்ளுபடியை இன்னும் கூட்டினால் இன்னும் முன்னேறுவார்கள் என்றும் உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

தக்காளியக்கா எழுந்தாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. நாற்காலிக்கும் கழிவறைக்கும் நன்றி சொன்னாள், அதை மனசாரத்தான் சொன்னாள். பிறகு நடப்பதைச் சொன்னாள்.

"எனக்குத் தனி வரிசை வேணாம் மேடம். எந்த வரிசை சீக்கிரம் போகுதோ அதுல நிக்க விடுங்க. அது போதும்."

மேடம் தலையாட்டிவிட்டு, மகளிர் கவுண்டரில் நெரிசல் இருப்பது தெரிகிறது, இன்னொரு மகளிர் கவுண்டர் திறக்கப் பரிந்துரைக்கிறேன் என்றார். மறுபடி கைதட்டல். அண்ணன் இந்தத் தடவை இன்னும் பலமாகத் தட்டினான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவள் வெளியே வந்துவிட்டாள். ஆனால் மேடம் செவிடில்லை. காரில் ஏறப் போனவர் டிரைவரை நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தார். அசதியான முகம். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுதும்மா. அந்த அத்தியாயத்தைக் கொள்கையில சேக்க நான் ரெண்டு வருஷம் சண்டை போட்டேன். இப்ப இதுல கோளாறு இருக்குன்னு நானே எழுதிக் குடுத்தா, திருத்த மாட்டாங்க. மொத்தத்தையும் கிழிச்சுப் போட்ருவாங்க. இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்ப என் தக்காளி?"

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த திருத்தத்தில் பார்க்கிறேன் என்றார் மேடம். அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருத்தி மேலே கோட்டையில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி கீழே அந்தக் கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஆள் கிடைத்திருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறாவது இறங்கியிருக்கும். தக்காளிக்கு அடுத்த திருத்தம் வரைக்கும் ஆயுசு கிடையாது.

மறுநாள் அவள் பேர் மாற்றும் ஜன்னலுக்குப் போனாள். தையல்காரரும் கூடப் போனார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த குமாஸ்தா சிரித்தார்.

"மாத்தி எழுதிட்டீங்கம்மா. குடுக்கிறவர் இடத்துல உங்க பேரு இருக்கு. வாங்கிக்கிறவர் இடத்துல அவர் பேரு இருக்கு."

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றாள். குமாஸ்தா தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் தரையைப் பார்த்தார். வேண்டாம்மா, விட்டுவிடலாம் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவளும் கேட்டுக்கொண்டேதான் வந்தாள். பெண்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அல்லவா, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. லைசென்ஸ் வாங்க அவள் ஏறிய படிகளில் அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

அடுத்த லோடுக்குத் தோட்டத்தில் காய் எடுத்தவள் அவள். தரம் பிரித்தவள் அவள். பெட்டி அடுக்கி, தார்ப்பாய் கட்டி, லாரியில் முன்சீட்டில் தையல்காரரை ஏற்றிவிட்டவளும் அவள்தான். அவள் போகவில்லை. போனால் சுங்க அலுவலகச் சுவரில் தன் சிரித்த முகத்தைத் தானே பார்க்க வேண்டியிருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தையல்காரர் திரும்பிவிட்டார். வரிசையே இல்லையாம். முத்திரை அதிகாரி பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வரவேற்றாராம். இதை முன்னாடியே செய்திருக்கலாமே, அக்காவை எதற்கு இத்தனை நாள் அலையவிட்டீர்கள் என்று கேட்டாராம். லாரி டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

"எல்லாரும் என்னை முதலாளின்னு கூப்பிடுறாங்க" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு வெட்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. கம்பெனி மூடியதிலிருந்து அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. அவளுடைய போன். இத்தனை வருஷமாக மண்டிக்காரர் கூப்பிடுகிற போன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு சரக்கு ஏலத்துக்கு முன்னால் வந்துவிட்டது என்று மண்டிக்காரர் சந்தோஷமாக இருந்தார். பழமும் கல்லு மாதிரி இருக்கிறதாம். லோடைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டுமாம்.

"பில்லுல சார் பேரைப் பாத்தேன். சார் பக்கத்துல இருக்காராம்மா? கொஞ்சம் குடுங்களேன்."

அவள் போனை நீட்டினாள். தையல்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சொல்லுங்க என்றார். அந்தக் குரல் கொஞ்சம் கனமாக இருந்தது, வீட்டில் அவள் கேட்காத குரல். மண்டிக்காரர் என்னவோ சொன்னார். தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெல்ல எழுந்தார். உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று அவளைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டிவிட்டு, வாசலுக்குப் போனார்.

அடுப்பங்கரை மூலையில் நின்று அதே போனில் அத்தனை வருஷம் அவள் பேசியிருக்கிறாள். ஒரு நாளும் கேட்காமல் போனதில்லை.

அவர் அண்ணன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அண்ணனும் ஒரு காலத்தில் அப்படி இருந்ததில்லை, அதுவும் தெரியும். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். சுவரோரம் கவிழ்ந்து கிடந்த சிவப்புப் பெட்டியை இழுத்து, அவர் காலுக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க" என்றாள்.

தையல்காரர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அதற்கு எதை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் கையை நீட்டி அழுத்தினாள்.